பெரியவர் சொல்லாத வரி

நான் பயந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தும் ராஜகிரி உச்சிக்கு நான் ஏறியதில்லை. மேலே பாறைப் பிளவைத் தாண்ட ஒரு பாலம் இருக்கிறதாம், அதைக் கேட்ட நாளிலிருந்தே எனக்குக் கால் கூசும். கோட்டைக் குரங்கு கடைக்குள் எட்டிப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறிக்கொள்வேன். நாய்க்குப் பயம், காக்கிச் சட்டைக்குப் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அதற்கும் பயம். இப்படிப்பட்டவள் ஒரு வெட்டுக்குத்து நடக்கவிருந்த தெருவில் மேளத்தோடு நடந்து போனேன் என்றால் என் அக்கா இன்றுவரை நம்பவில்லை. அவள் மேல் தப்பில்லை.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அடிக்கடி தாளைக் கடித்துக்கொள்ளும் ஒரு ஜெராக்ஸ் மெஷின். மனு எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, வாரிசுச் சான்று. வருகிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்ததும் கல்யாணமான கதையிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் அதையெல்லாம் வெட்டி ஒரு பக்கத்தில் அடக்கிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சண்டை சச்சரவு மனுக்களுக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி வைத்திருந்தேன். வரப்புத் தகராறோ, குழாயடிச் சண்டையோ, மாடு மேய்ந்த விவகாரமோ, எதுவானாலும் அதைத் திறந்து பேரையும் ஊரையும் மாற்றினால் போதும். அதில் ஒரு வரி எப்போதும் இருக்கும். ‘இதைத் தட்டிக் கேட்ட என்னை ஆபாசமாகத் திட்டி, உன்னைக் கொலை செய்யாமல் விடமாட்டேன் என்று மிரட்டினார். எனவே என் உயிருக்கும் உடைமைக்கும் தகுந்த பாதுகாப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் எழுதினார், பக்கத்துக் கடைக்காரர் எழுதுகிறார், எங்கள் வரிசையில் எல்லோரும் எழுதுகிறோம். குழம்புக்கு உப்பு போடுகிற மாதிரி கை தானாகப் போட்டுவிடும். அப்படிப் போட்டால்தான் மனுவுக்கு ஒரு கனம் வரும் என்பது எங்கள் நம்பிக்கை.

மேல்சித்தாமூர் பக்கம் போகிற சாலையில் ஒரு கிராமம். பேர் வேண்டாம். அங்கே காலனியில் ஒரு சாவு. பிணத்தை ஊர்த் தெரு வழியாக எடுத்துப் போயிருக்கிறார்கள். மேளம், பூ, பட்டாசு எல்லாம் எங்கள் பக்கத்துச் சாவுகளில் வழக்கம்தான். ஒரு வெடி திசை மாறிப் போய் ஒரு பெரியவரின் வைக்கோல் போரில் விழுந்துவிட்டது. அரை மணி நேரத்தில் போர் முழுக்கச் சாம்பல்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெரியவர் என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். எழுபது வயதிருக்கும். ரெண்டு கறவை மாடு வைத்திருக்கிறாராம், இனி வேர்க்கடலை பிடுங்கி அந்த மல்லாட்டைக் கொடி காயும்வரை அவற்றுக்கு என்ன போடுவது என்பதுதான் அவருடைய கவலை முழுவதும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் போர் இருக்கிறது, அங்கே மட்டும் வெடி கொளுத்த வேண்டாம் என்று யாராவது சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. யார் வெடித்தது என்று கேட்டேன். தெரியாது, செத்தவருடைய மகன் முன்னால் நெருப்புச் சட்டி தூக்கிக்கொண்டு போனான், அவனைத்தான் கூப்பிட்டுக் கத்தினேன் என்றார். அந்த மகன் பேரை எழுதிக்கொண்டேன். மாதிரியைத் திறந்தேன். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். பெரியவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. நான் படித்துக் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நல்லா இருக்கணும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு அதை மறந்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். தாடி வளர்ந்த ஒருவர் கடைக்கு வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அந்த நீலச் சட்டையோடேயே வந்திருந்தார். தன் மேல் ஒரு பொய் மனு போயிருக்கிறது, ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்தார்கள், பதில் மனு ஒன்று எழுத வேண்டும் என்றார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். நைனா, அதாவது அவருடைய அப்பா, செத்தது, தூக்கிக்கொண்டு போனது, வெடி, வைக்கோல் போர். போர் என்ற சொல் வந்ததும் எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தது. இருந்தாலும் கை பழக்கத்தை விடவில்லை. அவரும் உங்களை மிரட்டியதாக ஒரு வரி போட்டால்தான் எடுபடும் என்று சொன்னேன்.

“வேணாங்க்கா,” என்றார். “அவரு கத்துனாரு. வைக்கப்போரு எரிஞ்சா யாரா இருந்தாலும் கத்துவாங்க. காரியம் முடிஞ்சதும் வந்து பேசறேன் பெரியவரேன்னு நானும் சொன்னேன். அவ்ளோதான் நடந்துது. சொல்லாதத எழுதாதீங்க.”

பிறகு போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார். அந்த மனுதான். பெரியவரின் அக்கா மகன் ஒருத்தன் அதைப் படம் எடுத்து, நம்ம பெரியவரையே கொல்லுவேன்கிறானுங்க, பார்த்துக்கினு இருக்கப் போறோமா என்று எழுதி எல்லா குரூப்பிலும் போட்டுவிட்டிருந்தான். ஊரில் ஒரு வீடு விடாமல் அது போய்ச் சேர்ந்திருந்தது. நான் அந்த எழுத்தைப் பார்த்தேன். என்னுடைய எழுத்துருதான். ‘எனவே’க்கு முன்னால் எப்போதும் நான் விடுகிற அந்த அதிகப்படி இடைவெளிகூட அப்படியே இருந்தது.

அவர் சொல்லிக்கொண்டே போனார். பதினாறாம் நாள் கருமாதி. ஏரிக்கரைக்கு மேளத்தோடு போய்த்தான் காரியம் செய்ய வேண்டும், அந்தத் தெருவை விட்டால் வேறு வழி கிடையாது. தெருவில் கால் வைத்தால் காலை வெட்டுவோம் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். காலனிப் பையன்களும் சும்மா போகப் போவதில்லை, கையில் எதையாவது எடுத்துக்கொண்டுதான் வருவோம் என்கிறார்களாம். அம்மா ராத்திரியெல்லாம் அழுகிறாள் என்றார். நான் அவர் சொன்னதை மட்டும் எழுதிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அந்த மனுவை எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை. அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது பச்சாதாபம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பயம்தான் வந்தது. ரெண்டு பயம். அந்தத் தெருவில் ஒருத்தன் விழுந்து கிடப்பது போல் கண்ணுக்குள் தெரிந்தது, நீலச் சட்டையோடு. அது ஒன்று. மாட்டிக்கொள்வேனோ என்பது இன்னொன்று. எது பெரியது என்று கேட்டால், அன்றைக்கு இரண்டாவதுதான் பெரியதாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே, ஆயிரம் மனு எழுதுகிறோம், அதற்கெல்லாம் நாம் பொறுப்பா, பேசாமல் இரு என்றார். பேசாமல் இருப்பதுதான் எனக்கு நன்றாக வருமே. இரண்டு நாள் இருந்து பார்த்தேன். தாலுகா அலுவலக வாசலில் ஜீப் நின்றால் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். டீக்கடையில் யாராவது அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் காது அங்கேயே போனது. மூன்றாம் நாள் என் கையால் ஒரு விதவை உதவித்தொகை மனுவில்கூடக் கொலை மிரட்டல் வரியைச் சேர்த்துவிட்டேன். அந்த அம்மா படிக்கத் தெரிந்தவள், பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மதியம் கிராம நர்ஸ் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். என் வயதுதான். தடுப்பூசி போட ஊருக்குள்ளும் போவார், காலனிக்குள்ளும் போவார், ரெண்டு இடத்துக் குழந்தைகளும் அவரைப் பார்த்தால் ஓடும். அவரும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் மைக் செட் கட்டுகிற ஒருவரும், இன்னும் ரெண்டு மூன்று பேரும் சேர்ந்து சண்டை மூளுகிற இடங்களுக்குப் போய்ப் பேசுவார்கள். சங்கமில்லை, போர்டு இல்லை. நீங்களும் வாங்களேன் என்று என்னைப் பல தடவை கூப்பிட்டிருக்கிறார். கடை இருக்கே சிஸ்டர் என்பேன். அமைதி, சமாதானம் என்றால் ஐயாமார் சால்வை போர்த்திக்கொண்டு மேடையில் பேசுகிற விஷயம், எனக்கு எதற்கு என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துப் பிரித்தார். பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தது. இடது பக்கம் கண்ணால் பார்த்தது, வலது பக்கம் காதால் கேட்டது. எந்தச் சண்டைக்குப் போனாலும் அவர்கள் முதலில் செய்வது இதுதானாம். ரெண்டு தரப்பிலும் ஒரே கேள்வி கேட்பார்கள், பதிலை அந்தந்தப் பக்கத்தில் எழுதுவார்கள். வலது பக்கத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் யார் முதலில் சொன்னது என்று தேடிப் போவார்கள். அந்தக் கிராமத்துக்கும் ஏற்கெனவே போயிருக்கிறார்கள். வலது பக்கத்தில் ‘கொலை மிரட்டல்’ என்று இருந்தது. எதிரில் ‘முதலில் சொன்னது யார்?’ என்று எழுதி, இடம் காலியாக விடப்பட்டிருந்தது. பதினாலு பேரைக் கேட்டோம், எல்லாரும் இன்னொருத்தரக் காட்டுறாங்க என்றார் சிஸ்டர். பேனாவை என்னிடம் நீட்டினார். காலி இடத்தில் ‘மனு எழுதுகிறவர்’ என்று நான் எழுதினேன்.

“நீங்க எழுதினா பத்தாது,” என்றார். “வந்து சொல்லணும். ரெண்டு இடத்துலயும்.”

மறுநாள் காலனிக்குப் போனோம். மைக் செட் அண்ணனின் ஏற்பாடு எல்லாம் கறாராக இருந்தது. பகலில்தான் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது. வண்டியை ஊருக்கு வெளியே பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்த வேண்டும். ஒரு தரப்பு சொன்னதை இன்னொரு தரப்பில் நம் வாயால் சொல்லக் கூடாது, அவர்களையே சொல்ல வைக்க வேண்டும். வண்டியைத் திருப்பி நிறுத்துவது எதற்கு என்று கேட்டேன். ஓடறதுக்குத்தான் என்று சாதாரணமாகச் சொன்னார். நான் அப்போதே ஓடத் தயாராக இருந்தேன்.

செத்தவருடைய மனைவி என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, நீ எந்தூரு ஆளு என்று கேட்டார். அவர் ஊரைக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எல்லோருக்கும் தெரியும். சொன்னேன். வாசலில் பேச்சு நின்றுபோனது. உள்ளிருந்து ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நாற்பத்தாறு வயதில், ஒரு காலனி வீட்டில் நான் தண்ணீர் குடித்தது அதுதான் முதல் தடவை. தாகத்தில்தான் குடித்தேன், புரட்சியில் இல்லை. ஆனால் குடிக்கும்போது அது நினைவுக்கு வந்தது, என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது. குடித்து முடித்துச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே, அந்த வரி நான் எழுதியது என்று சொன்னேன். வேன் ஓட்டுகிறவர் என் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா என்றார். கூடியிருந்தவர்களில் ஒருத்தன் கெட்ட வார்த்தை சொல்லி எழுந்தான், அவர் கையைக் காட்டி உட்கார வைத்தார். தெருவில் பெரியவர் வீட்டைத் தாண்டும்வரை வெடி கொளுத்த மாட்டோம், ஆனால் மேளத்தை நிறுத்த மாட்டோம், அது எங்கள் நைனாவுக்குச் செய்ய வேண்டியது என்றார். சிஸ்டர் அதை அப்படியே நோட்டில் எழுதினார்.

ஊருக்குள் போனதுதான் எனக்குக் கஷ்டம். காலனியில் நான் வேற்றாள். இங்கே நான் அவர்கள் ஜாதிக்காரி, அதுவும் சொந்த ஜாதியைக் காட்டிக் கொடுக்க வந்தவள். பெரியவர் வீட்டுக் கதவு பட்டப் பகலில் சாத்தியிருந்தது. எதிரில் தரையில் வட்டமாகக் கருப்பாகக் கிடந்தது, வைக்கோல் போர் இருந்த இடம். பெரியவரின் அக்கா மகனும் இன்னும் நாலு பேரும் பைக் மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்கள். நான் சிஸ்டருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். சிஸ்டர் கதவைத் தட்டினார். உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம், அப்புறம் இன்னொரு தாழ்ப்பாள். பெரியவர் பாதிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு அரிவாள் சாய்த்து வைத்திருந்தது.

பத்து நாளுக்குள் மனிதர் பாதியாகியிருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஐயா, அவர் உங்களைக் கொல்லுவேன் என்று சொன்னதாக நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை, நான்தான் வழக்கமாகப் போடுகிற வரியைப் போட்டுவிட்டேன், படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கிவிட்டேன், மன்னிச்சுடுங்க என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் புரியாமல் என்னையே பார்த்தார்.

“நான் சொல்லல?”

“இல்லீங்க ஐயா.”

“எங்க அக்கா மவன் இவன்தான் படிச்சுக் காட்டுனானே. என்ன கொல்லுவேன்னு சொன்னதா அதுல இருக்குதே. நான் சொல்லாமயா எழுதுவாங்கன்னு நெனச்சேன். கூட்டத்துல சொல்லியிருப்பான், நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சுக்கினேன்.” தாழ்ப்பாளைக் காட்டினார். “பத்து நாளா தாப்பா போட்டுக்கினு உள்ளயே கெடக்குறேன். மாட்டக் கூட வெளிய கட்டல.”

அப்புறம் குரலைத் தணித்து, என் பக்கம் குனிந்து கேட்டார்.

“அப்ப அவன் என்ன கொல்ல மாட்டானா?”

இந்தக் கேள்வி இன்னும் பல நாள் என் காதில் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். என் பயத்தை மட்டுமே நான் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயது மனிதர் ஒருவரை என் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு பழைய வரி வீட்டுக்குள் போட்டுப் பூட்டியிருந்தது எனக்குத் தெரியாது. மாட்டார் ஐயா, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மைக் செட் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. அதை நான் சொல்லக் கூடாது. நீங்களே அவரைக் கேட்கிறீர்களா என்று சிஸ்டர் கேட்டார். பெரியவர் மறுபடி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அக்கா மகன் எங்களை வண்டிவரை கொண்டுவந்து விட்டான். மரியாதைக்கு இல்லை. இவ்வளவு தூரம் வந்த பிறகு மாற்றிப் பேசினால் ஊருக்குத்தான் அசிங்கம் என்றான். என் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுத்தான்.

“உங்க கடை எங்க இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியும்,” என்றான்.

வண்டி திருப்பி நிறுத்தியிருந்ததன் அருமை அப்போது தெரிந்தது.

அடுத்த நாள் காலை கடையைத் திறக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் ஒரு சண்டை. திறந்தேன். திறந்து அரை மணி நேரத்தில் பெரியவர் வந்து நின்றார். பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். இந்தத் தடவை கண்ணாடி போட்டிருந்தார். வேறு மனு எழுது, ஸ்டேஷனில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். மாதிரியைத் திறக்கவில்லை, வெள்ளைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரியையும் தட்டி முடித்துச் சத்தமாகப் படித்தேன். என் வைக்கோல் போர் எரிந்தது. யார் வெடித்தது என்று நான் பார்க்கவில்லை. என்னை யாரும் மிரட்டவில்லை. அவ்வளவுதானே ஐயா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“பயமா இருக்குதுன்னு போடு,” என்றார். “அது நெசந்தான்.”

போட்டேன். ‘என்னை யாரும் மிரட்டவில்லை. ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. பதினாறாம் நாள் எல்லோரும் நல்லபடியாகப் போய்வர உதவ வேண்டும்.’ இத்தனை வருடத்தில் இப்படி ஒரு மனு நான் எழுதியதில்லை. ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகாவது எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் படம் குரூப்பில் சுற்றியது, அடியில் எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது. என் சித்தப்பா போன் செய்து, நம்ம ஜாதி மானத்தை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துட்டியா என்று கேட்டார். கடைக்கு முன்னால் பைக் மெதுவாகப் போனால் திரும்பிப் பார்க்காமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். பதினாறாம் நாள் வர முடியாது, நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று சிஸ்டருக்கு மெசேஜ் தட்டி, அனுப்பாமல் வைத்திருந்தேன். அனுப்பியிருப்பேன். என் வீட்டுக்காரர்தான் காலையில் பைக்கை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டே, போகணும்னா சீக்கிரம் கிளம்பு, நான் கொண்டுபோய் விடறேன், தனியா பஸ்ல போக வேணாம் என்றார். பேசாமல் இரு என்று சொன்ன அதே மனிதர்.

காலனி வாசலில் மேளம் ஆரம்பித்திருந்தது. வேன் ஓட்டுகிறவர் வேட்டி கட்டி, தோளில் துண்டோடு முன்னால் நின்றார். பின்னால் நாற்பது ஐம்பது பேர். யார் கையிலும் ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். மைக் செட் அண்ணன் முதல் நாள் ஒவ்வொரு வீட்டிலும் போய், கையில் ஒன்றும் எடுத்து வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். எனக்கு நம்பிக்கையில்லை, ஒவ்வொரு இடுப்பாகப் பார்த்தேன். சிஸ்டர் பெண்களோடு ஒரு பக்கம் நடந்தார், என்னை மறு பக்கம் நடக்கச் சொன்னார். கூட்டத்துக்கும் தெருவுக்கும் நடுவில் நம் ஆட்கள் ஓரமாக நடக்க வேண்டும், யாராவது கல் எடுத்தால் எறிவதற்கு முன் நம் முகம் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. என் முகம் தெரிந்தால் இன்னும் ரெண்டு கல் அதிகமாக வருமே என்று நான் சொன்னேன். சிரித்தார், ஆனால் அவரும் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தெரு முனையில் ரெண்டு போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். அவர்களைத் தாண்டி, அக்கா மகனும் ஒரு பத்துப் பதினைந்து பேரும். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். என் புடவைக் கரையையும் செருப்பையும் தவிர அந்த நூறடித் தூரத்தில் நான் வேறெதையும் பார்க்கவில்லை. மேளம் என் முதுகுக்குள் அடிப்பது போல் இருந்தது.

பெரியவர் வீடு வந்தபோதுதான் நிமிர்ந்தேன். கதவு திறந்திருந்தது. பெரியவர் வாசலில் நின்றார். எங்களைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி உள்ளே போனார். எனக்கு அந்த அரிவாள் கண் முன்னால் வந்தது. வேன் ஓட்டுகிறவரும் பார்த்துவிட்டார், நின்றுவிட்டார். அவர் நின்றதும் மேளம் நின்றது. பின்னால் காலனிப் பையன்கள் முன்னே நெருக்குவதும், முனையில் நின்றவர்கள் எங்கள் பக்கம் நடந்து வருவதும் எனக்குத் தெரிந்தது.

பெரியவர் வெளியே வந்தார். ரெண்டு கையிலும் ரெண்டு வாளி. தளும்பி வேட்டியெல்லாம் நனைந்திருந்தது. கரிப்பிடித்த அந்த வட்டத்துக்குப் பக்கத்தில், அடுத்த வீட்டுப் போருக்கு முன்னால், இரண்டையும் இறக்கி வைத்தார். மூச்சு வாங்கியது. வேன் ஓட்டுகிறவரை நிமிர்ந்து பார்த்தார். பயந்துகொண்டுதான் பார்த்தார், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

“நிக்காதப்பா, போ. வெயில் ஏறுது,” என்றார். “வெடி வெடிக்கிறதுன்னா வெடிச்சுக்க. தண்ணி வெச்சிருக்கிறேன்.”

வேன் ஓட்டுகிறவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேளக்காரர்களைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். மேளம் மறுபடி எழுந்தது, கூட்டம் நகர்ந்தது. முனையிலிருந்து வந்தவர்கள் பெரியவருக்கு இரண்டடி தள்ளி நின்றுவிட்டார்கள். அக்கா மகன் போனைக் கீழே இறக்கியிருந்தான். ஏரிக்கரை போகும்வரை யாரும் ஒரு வெடிகூடக் கொளுத்தவில்லை.

கரையில் காரியம் நடந்துகொண்டிருந்தபோது சிஸ்டர் நோட்டை என்னிடம் கொடுத்து, இன்னிக்கு நீங்க எழுதுங்க என்றார். இடது பக்கத்தில் எழுதினேன். டைப் அடித்தே பழகிய கை, என் எழுத்து அவருக்குப் புரியவில்லை, படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

“பெரியவர் வாசலில் ரெண்டு வாளி தண்ணீர் இருந்தது. யாரும் யாரையும் மிரட்டவில்லை.”